கண்மணி விரியும் வரைக்கும்

கண்ணை மூடிக்குங்க, கூப்பிடற வரைக்கும் திறக்கக் கூடாது என்று சொல்லி ஆளுக்கொரு சொட்டு மருந்து விட்டுவிட்டு சிஸ்டர் வரிசையில் நகர்ந்து போனாள். பூபதி மூடிக்கொண்டான். வலது புருவத்துக்கு மேலே நகத்தளவு பிளாஸ்திரி, இந்தக் கண்தான் என்று அடையாளத்துக்கு. சுவரோரம் நீண்டு கிடந்த பெஞ்சில் அவனைப் போலவே ஒரு கூட்டம் கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சுவரில் சாய்த்து, கன்னத்தில் ஈரக்கோட்டோடு உட்கார்ந்திருந்தது. டை கட்டின ஆபீசர் ஒருத்தர்கூட இருந்தார். ஊரே சேர்ந்து கண்ணாமூச்சி ஆட உட்கார்ந்திருக்க, ஒளியப் போனவன் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டான் போல என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் பெண்டாட்டி அம்சவேணிக்குத் தோன்றியது. வேறொரு நாளாயிருந்தால் இதை அவன் காதில் சொல்லி, அவன் சிரிப்பை அடக்கமுடியாமல் திணறுவதை வேடிக்கை பார்த்திருப்பாள். இன்றைக்கு வாய் வரைக்கும் வந்தது, உள்ளேயே போய்விட்டது. இத்தனை பேரில் கண்ணைத் திறந்து வைத்திருப்பது அவள் ஒருத்திதான் போல ஆகிவிட்டது. திறந்திருந்தால் பார்க்க வேண்டியிருக்கிறது. எதிர்ச் சுவரில் வெட்டி வைத்த கண்ணின் படம் ஒன்று, பாதியாய் நறுக்கின எலுமிச்சை மாதிரி, அதில் அம்புக்குறிகள். அதைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். தரையில் பார்க்க ஒன்றுமில்லை. அதனால் மறுபடி எலுமிச்சை. காலையில் டாக்டரம்மா காட்டின ஸ்கேன் படத்திலும் இதே வட்டம்தான், சாம்பல் நிறத்தில், பின்பக்கம் சுவரை ஒட்டி ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. மிளகில் பாதிகூட இருக்காது. இரும்பும்மா, குத்தி உள்ளே போய்ப் பின்னாடி உக்காந்திருக்கு என்றார். காந்தம் வெச்சு எடுக்கணும், நாளைக்குக் காலைல தியேட்டர்ல சேத்துக்கலாம், ஆனா உள்ளே கொஞ்சம் கலங்கலா இருக்கு, அடிபட்டதுல கலங்கினதா, சீழ் புடிக்குதானு கண்மணி நல்லா விரிஞ்சப்பறம் இன்னொரு தடவை பாத்துட்டு முடிவு பண்றேன். சீழ்னா நாளைக்கு வரைக்கும் தாங்காது, கண்ணே போயிடும். சொல்லிவிட்டுக் கேட்டார், கண்ணுல ஏதாவது ஊத்தினீங்களா, எலைச்சாறு, எண்ணெய், கை வைத்தியம் ஏதாச்சும். பூபதி சொன்னான், இல்லைங்க.

இல்லைங்க. எவ்வளவு சட்டென்று சொன்னான். பட்டறையில் முதலாளி ஸ்பேனரைக் கேட்டால் எடுத்து நீட்டுவானே, அந்த வேகம். அம்சவேணி பின்னாலேயே நின்றிருந்தாள், வாயைக்கூடத் திறக்கவில்லை. திறப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பொய். அடுத்த கேள்வி வருவதற்குள் நல்ல இடைவெளி இருந்தது, டாக்டரம்மா பேனா மூடியைக் கழற்றி மாட்டினார், மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது, ஒரு லாரியே திரும்பிப் போகிற அளவுக்கு இடம் இருந்தது. அவள் சொல்லவில்லை. அவன் எதற்கு இல்லை என்றான் என்பது அவளுக்குத் தெரியும். அவர்களுக்கு முன்னால் உள்ளே போன அம்மாளை, மகனுடைய கண்ணில் விளக்கெண்ணெய் விட்டதற்காக, சிஸ்டர் வெளியே வரைக்கும் வந்து வாங்கு வாங்கு என்று வாங்கினாள். பெத்தவளா நீ, படிச்சிருக்கியா இல்லியா, இத்தனை பேரும் கேளுங்க இந்தம்மா பண்ணின காரியத்த. வரிசை முழுக்கக் கேட்டது. அந்த அம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள். அப்போது பூபதியின் கை வந்து அம்சவேணியின் மணிக்கட்டைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தியது. அவ்வளவுதான். அங்கேயே முடிவு பண்ணிவிட்டான் மனுசன். பெண்டாட்டியை ஒரு சிஸ்டர் திட்டிவிடக் கூடாது என்று தன் கண்ணை வைத்து மறைத்திருக்கிறான். இதற்கு என்ன செய்வது, கட்டிக்கொள்வதா, நாலு சாத்துச் சாத்துவதா. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்தாள். மூடின கண்ணுக்குள்ளே விழி அப்படியும் இப்படியும் நகருவது இமைக்கு மேலேயே தெரிந்தது. அசைக்காதீங்க என்று சொல்ல நினைத்தாள். அசைந்தால் உள்ளே இருக்கிறது உருளுமோ. பால் டப்பாவுக்குள் விழுந்த பட்டன் மாதிரி. சே, பால் என்று ஏன் வருகிறது.

ஏனென்றால் பால்தான். முந்தாநாள் சாயங்காலம் லாரிப் பட்டறையிலிருந்து ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தான். ஸ்பிரிங் பட்டையில் இறுகிப்போன இரும்புப் பின்னை உளி வைத்துச் சம்மட்டியால் அடிக்கையில் சுருக்கென்று ஏதோ விழுந்ததாம். அம்சவேணி சிரித்தபடிதான் வந்தாள். கண்ணில் தூசி எடுப்பதில் அந்தத் தெருவிலேயே அவளை மிஞ்ச ஆளில்லை, பட்டறைப் பையன்களெல்லாம் அக்கா கொஞ்சம் பாருங்க என்று அவள் வாசலுக்குத்தான் வருவார்கள், இமையை விளக்குமாத்துக் குச்சியில் மடக்கித் திருப்பி, துணி முனையைச் சுருட்டி ஒரு தொடு, தூசி வந்துவிடும், ஒரு சொம்புத் தண்ணி குடுத்து அனுப்புவாள். அன்றைக்கும் அவனைக் கட்டிலில் மல்லாத்தி, செல்போன் லைட்டை அடித்து, மேலிமை கீழிமை இரண்டையும் திருப்பித் தேடினாள். கருப்பு விழியின் ஓரத்தில் ஊசி முனை மாதிரி ஒரு சிவப்பு, அவ்வளவே. பட்டறைக்காரர் கண்ணு சிவக்காம இருந்தாத்தான் அதிசயம் என்று தாண்டிவிட்டாள். ஒண்ணுமில்லீங் உள்ள, விழுந்துட்டு வந்துடுச்சு, அதான் கரகரக்குது என்றாள். தேடினதெல்லாம் வெளியே, அது உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சிவப்புப் புள்ளிதான் வாசல். வாசலையே பார்த்துவிட்டு வீட்டில் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இந்த இடத்தில் நினைப்பு ஒவ்வொரு தடவையும் முள்ளில் துணி மாட்டின மாதிரி நின்றுவிடுகிறது. இழுத்தால் கிழியும் என்று திரும்பவும் பின்னால் போகிறாள், செல்போன் லைட், மேலிமை, கீழிமை, சிவப்பு. அப்புறம்தானே அந்தக் காரியம். பாப்பா மகிழ்மதி ஒரு பக்கம் குடித்து முடித்து மறுபக்கம் கனத்துக் கிடந்த நேரம். கண்ணு எரிச்சலுக்குத் தாய்ப்பால் விட்டால் குளிரும் என்று அவள் பிறந்த ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் விடுவார்கள், கிழவனுக்கும் விடுவார்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கிண்ணத்தோடு வருகிறவர்களை யாரும் வெறும் கையாய் அனுப்பியதில்லை. இவனுக்குக் கிண்ணம் எதற்கு. குனிந்து நேராகவே பீச்சினாள். முதல் பீச்சு மூக்கில் போனது, இரண்டாவது மீசையில். உம் மவ பங்க அப்பன் திங்கறான்னு நாளைக்கு அவ கேப்பா புள்ள என்றான். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, சிரித்த குலுக்கலில் கண் நிறைய விழுந்தது, வழிந்து காதுக்குள் போனது. பாப்பா இரண்டு பேரையும் பார்த்துத் தானும் பொக்கை வாயைத் திறந்தது. அவ்வளவு சந்தோசமாகச் செய்த காரியம். மறுநாள் காலையிலும் ஒரு தடவை, மத்தியானம் சாப்பிட வந்தபோது ஒரு தடவை. குளுகுளுன்னு இருக்குது என்றுதான் சொன்னான். நேற்று ராத்திரி பார்வை புகை மூட்டம் மாதிரி இருக்கிறது என்றபோதுதான் அவளுக்குச் சிரிப்பு நின்றது.

பாலில் என்ன இருக்கிறது. பிள்ளை குடிக்கிறதுதானே, விசமா. ஆனால் கிண்ணத்தில் எடுத்து வைத்த பால் சாயங்காலத்துக்குள் புளித்துப் போகிறதே. கண்ணுக்குள்ளே போனது புளிக்காதா. அந்த ஊசித் துளை வழியாக உள்ளே இறங்கியிருந்தால். உள்ளே என்ன வெயிலா அடிக்கிறது, புளிக்க. வெயில் வேண்டாம், உடம்புச் சூடு போதும், உறை ஊற்றுகிற பாலை வெதுவெதுப்பாகத்தானே வைக்கிறோம். இப்படி நினைத்ததும் எழுந்து நின்றாள். எங்கேயும் போவதற்கில்லை என்று உட்கார்ந்தாள். வாட்ச்சுமேன் அவளையே பார்த்தார், அதனால் தாகம் எடுத்தவள் மாதிரி எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயைத் திருகி ஒரு வாய் குடித்துவிட்டு வந்தாள். வரும்போது வரிசையின் கடைசியில் எங்கேயோ ஒரு கைப்பிள்ளை வீறிட்டது. அவ்வளவுதான், இரண்டு பக்கமும் சுரீரென்று ஊறி இறங்கியது. இந்த மாருக்கு யார் பிள்ளை என்று தெரியாது, பஸ்ஸில் ஹாரன் அடித்தால்கூட இறங்கிவிடும் என்று நங்கையா கேலி பண்ணுவாள். நங்கையா என்றால் பூபதியின் அக்கா சுலோச்சனா, அவளிடம்தான் பாப்பாவை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். கஞ்சி காய்ச்சிக் குடுத்துக்கறேன், நீ போ, கண்ணப் பாரு என்று தள்ளிவிட்டாள். பாப்பா இந்நேரம் அழுதிருக்கும். கஞ்சியைத் துப்பியிருக்கும். அங்கே வேண்டியது இங்கே வழிந்து வீணாகிறது, வேண்டாத இடத்தில் போய் நிற்கிறது, அவன் கண்ணின் அந்த வட்டத்துக்குள்ளே. மாராப்பை இழுத்து இரண்டு மடிப்பாகப் போட்டுக் கையைக் குறுக்கே கட்டிக்கொண்டாள். கட்டின கைக்குக் கீழே ரவிக்கை நனைந்து வயிறு வரைக்கும் சில்லென்று இறங்கியது.

பூபதி திரும்பாமலே, வந்துட்டியா என்றான். வந்துட்டேன் என்றாள். எவ்ளோ நேரமாவுது என்றான். இன்னொரு சொட்டு விடோணுமாமா என்று அவனே கேட்டு, விடுவாங்க என்று அவனே பதில் சொல்லிக்கொண்டான். காந்தம் என்றால் பட்டறையில் தரையில் சிந்தின நட்டுப் போல்ட்டைப் பொறுக்குகிறதே, குச்சி மாதிரி, அதுவாக இருக்குமா என்று அவன் காலையிலிருந்து இரண்டாவது தடவையாகக் கேட்டான். அவளுக்கு எட்டாம் வகுப்பு அறிவியல் ஞாபகம் வந்தது, காகிதத்தின் மேலே இரும்புத் தூளைக் கொட்டி அடியில் காந்தத்தை நகர்த்தினால் தூளெல்லாம் எழுந்து நின்று முடி சிலிர்த்த மாதிரி பின்னாலேயே ஓடும், வகுப்பே கைதட்டும். கண்ணுக்குள்ளே அப்படி ஓடினால். வந்த வழியிலேயே வருமா, வேறு வழி கிழித்துக்கொண்டு வருமா. உங்க முதலாளிகிட்டச் சொல்லிப் பெரிய காந்தமா வாங்கிட்டு வந்திருந்தா இந்தப் பக்கம் நிக்கிற லாரியெல்லாம்கூட வந்து கண்ணுல ஒட்டிக்கும் என்றாள். பழக்கத்தில் வந்துவிட்டது. அவன் உதட்டோரம் லேசாக அசைந்து அடங்கியது. சிரிக்க வேண்டியவன் சிரிக்கவில்லை என்றதும் பயம் இன்னொரு சுற்று பெரிதாகி வந்தது. அவனுக்கும் பயம். அவனும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறான், கண்ணை மூடினபடி, அந்த இல்லைங்கவை. இப்போது போய்ச் சொல்லிவிடலாமா என்று இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் தோளோடு தோள் உட்கார்ந்து நினைத்துக்கொண்டு, ஒருத்தருக்கொருத்தர் சொல்லாமல் இருக்கிறார்கள். சொன்னால் என்ன ஆகும். திட்டுவார்கள். திட்டினால் திட்டட்டும், பள்ளிக்கூடத்தில் அவள் வாங்காத திட்டா. ஆனால் அவன் பொய் சொன்னான் என்றல்லவா ஆகும், பொய் சொன்ன ஆளைக் கவனமாகப் பார்ப்பார்களா, எக்கேடோ கெடு என்று நாளைக்கு மறுநாள் என்று தள்ளினால். அதெல்லாம் இல்லை. உண்மையில் அவளுக்குப் பயம் வேறே. சொல்லி, டாக்டரம்மா தலையைத் தூக்கிப் பார்த்து, ஆமா அதனாலதான் என்று சொல்லிவிட்டால். சொல்லாத வரைக்கும் அது அடிபட்டதால் வந்த கலங்கல். சொன்ன நிமிசத்திலிருந்து அது அவள் பால்.

அவளுக்கு இந்தப் பக்கம் ஒரு அக்கா வந்து தொப்பென்று உட்கார்ந்தாள். ஐம்பது வயதிருக்கும், காதில் பழைய கல்தோடு, ஒரு கண்ணை முந்தானையால் ஒத்தி ஒத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். கேட்காமலே சொன்னாள். பேர் பாவாயி, தெற்கே தோட்டம், சோளத்தட்டு அறுக்கையில் சுணை கண்ணில் விழுந்து நேற்றிலிருந்து அரிக்கிறது, மகன் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுட்டு வண்டிய வெயில்ல நிறுத்திட்டேன்னு ஓடிட்டான், வண்டிக்கு இருக்கற கரிசனம் ஆத்தாளுக்கு இல்ல. எந்த ஊர், என்ன கொலம், கண்ணுக்கு என்ன என்று பாவாயி வரிசையாக விசாரித்தாள். அம்சவேணிக்குப் பேச ஆள் கிடைத்தது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. அவள் சொல்லிக்கொண்டே போகையில் பாவாயியின் நல்ல கண் கீழே இறங்கி மாராப்பின் ஈரத்தில் நின்றது. கைப்புள்ளக்காரியா அம்முணி, எத்தன மாசம் என்றாள். ஏழு என்றாள். பாவாயி முகம் மலர்ந்துபோயிற்று. கைப்பையைத் திறந்து டப்பா மூடி ஒன்றை எடுத்துத் தன் சேலையில் துடைத்தாள். குரலைத் தணித்து, அந்த நர்சுப் பொண்ணு சீக்கிரத்துல கூப்புடறாப்பல இல்ல, அரிப்புத் தாங்கல சாமி, அந்தப் பக்கம் பாத்ரூம்ல போயி இதுல ரெண்டு சொட்டு விட்டுக் குடுத்தீன்னா நாம் பாட்டுக்குக் கண்ணுல ஊத்திட்டுப் போயிர்றேன், இங்க எதுக்கு உக்காந்துட்டு என்றாள்.

அம்சவேணி மூடியைக் கையில் வாங்கிவிட்டாள். நீட்டினால் வாங்குவதுதான் பழக்கம். கிண்ணத்தோடு வந்தவர்களுக்கு இல்லை என்று சொல்லக் கூடாது, சொன்னால் மடி வற்றும், அவள் அம்மா சொன்னதில்லை, யாருமே சொன்னதில்லை, ஆனாலும் அது உடம்பில் இருந்தது. எழுந்துகூட விட்டாள். பாத்ரூம் எதிரேதான். போகிற வழியில் சுவரில் அந்த எலுமிச்சைக் கண். கால் நின்றுவிட்டது. கையில் மூடி, சின்னது, எட்டணாக் காசு அகலம். இதை நிறைத்துக் கொடுத்தால் பாவாயி சிரித்துக்கொண்டே தலையை நிமிர்த்தி விட்டுக்கொள்வாள், குளுகுளுவென்று இருக்கும். திரும்பி வந்தாள். மூடியைப் பாவாயியின் மடியில் வைத்து, இல்லீங்க்கா, வேண்டாங்க்கா என்றாள். பாவாயிக்கு மூஞ்சி சுருங்கியது. வழியற பாலுக்கு வலிக்குதா அம்முணி, காசா பணமா கேட்டேன், ஊரு ஒலகத்துல இல்லாததையா கேட்டுட்டேன் என்றாள். குரல் இப்போது தணியவில்லை, டை கட்டினவர் மூடின கண்ணோடு தலையைத் திருப்பினார். அம்சவேணிக்குக் காது சுட்டது. ஒரு பொய் சொல்லி நகர்ந்திருக்கலாம், பாலில்லை, காய்ச்சல், எத்தனையோ இருக்கிறது. வாயில் வந்தது வேறு.

"நான் இவருக்கு ஊத்துனேனுங்க்கா. உள்ள இரும்பு இருக்கறது தெரியாம ஊத்துனேன். இப்ப கண்ணு போயிருமோன்னு உக்காந்திருக்கறோம். நீங்க ஊத்தாதீங்க."

சொல்லி முடித்ததும் பக்கத்தில் ஏதோ நின்றுபோனது மாதிரி இருந்தது. பூபதியின் கால் ஆடிக்கொண்டே இருந்தது, அது நின்றுவிட்டது. அவன் கண்ணைத் திறக்கவில்லை. பாவாயி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். டாக்டருகிட்டச் சொல்லிப்போட்டியா என்றாள். இல்லை என்று தலையாட்டினாள். அட ஆகாதவளே, எங்கிட்டச் சொல்லி நானா ஆப்ரேசன் பண்ணப் போறேன், போ என்று தோளில் கையை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினாள். பூபதி, "அம்சா" என்றான். நில்லு என்கிற மாதிரியும் இருந்தது, போ என்கிற மாதிரியும் இருந்தது. எது என்று கேட்டுக்கொண்டு நின்றால் போக மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். போனாள். அந்தக் கதவு வரைக்கும் பத்தடிதான் இருக்கும், அதற்குள் மூன்று தடவை திரும்பிவிடலாமா என்று தோன்றியது, ஆனால் பின்னால் பாவாயியின் ஒற்றைக் கண் பார்த்துக்கொண்டிருந்தது, திரும்ப முடியவில்லை.

உள்ளே அவள் சொன்னது பாதிதான், மீதியை சிஸ்டரே பிடித்துக்கொண்டாள். காலையில கேட்டப்ப வாயில என்ன வெச்சிருந்தே, புள்ள பெத்தா டாக்டராயிட்டதா நெனப்பா, இவ்வளவு வெவரமா பேசற, இது தெரியல. அம்சவேணி கையைக் கட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டாள். பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை, திட்டு என்றால் காது வரைக்கும்தானே வருகிறது. அவள் பார்த்துக்கொண்டிருந்தது டாக்டரம்மாவின் முகத்தை. அவர் திட்டவில்லை. எத்தனை தடவை, எப்போது கடைசியாக, அதற்கப்புறம் எப்போது பார்வை மங்கியது என்று மூன்றே கேள்வி. அவள் சொன்னாள், மூக்கில் விழுந்ததைத் தவிர எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அவனைக் கூப்பிடச் சொன்னார். நாற்காலியில் உட்கார வைத்து, தாடையைத் தாங்கியில் பதித்து, வெளிச்சத்தைச் சின்னக் கோடாக்கி, விரிந்து கிணறு மாதிரி ஆகிவிட்ட அந்தக் கருப்புக்குள்ளே விட்டு வெகுநேரம் பார்த்தார். அவனை வெளியே போய் உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் சொன்னார். சீழ் ஆரம்பிச்சிருக்கு. பாலாலயா, அந்த இரும்புல இருந்த அழுக்காலயான்னு என்னாலயும் சொல்ல முடியாது, ரெண்டுமா இருக்கலாம். நாளைக்கு இல்ல, இப்பவே எடுக்கறோம், மருந்தையும் கண்ணுக்குள்ளயே போடணும். பார்வை வரும்னு வாக்குக் குடுக்க மாட்டேன். ஆனா நாளைக்குக் காலைல வந்து பாத்திருந்தா எடுக்கறதுக்குக் கண்ணு இருந்திருக்காது. அம்சவேணி கையெழுத்துப் போட்டாள். ரெண்டுமா இருக்கலாம் என்பதை மடித்து எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இனி அது வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும், அது தெரிந்துவிட்டது. ஆனால் கால் நடந்தது. தியேட்டர் எந்தப் பக்கம், சாப்பிட்டது எப்போது என்று சொல்ல வேண்டும், நங்கையாவுக்குப் போன் பண்ண வேண்டும் என்று அதது அதன் வரிசையில் வந்து நின்றது.

வெளியே பாவாயியின் கண்ணைக் கழுவி விடுவதற்குக் கூட்டிப் போயிருந்தார்கள். சக்கர நாற்காலி வந்துவிட்டது. பூபதி அதில் உட்கார்ந்து, சொன்னபடி இரண்டு கண்ணையும் மூடி, கையை முழங்காலில் வைத்திருந்தான். காலடியைக் கேட்டே அவள்தான் என்று தெரிந்துகொண்டான். இப்பவேங்களாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன்,

"திட்டினாங்களா?" என்றான்.

"இல்லீங்" என்றாள். "உக்காரச் சொல்லி, காப்பி சாப்புடறீங்களான்னு கேட்டாங்க."

அவன் தோள் குலுங்கிற்று. சத்தம் வராமல் சிரித்தான், காலையிலிருந்து முதல் தடவையாக, பல் தெரிய. சிரித்ததில் மூடின வலது கண்ணிலிருந்து நீர் நிறைந்து ஓரத்தில் திரண்டு நின்றது. அம்சவேணியின் கை முந்தானை முனையைச் சுருட்டிக்கொண்டு தானாக அவன் இமைக்குப் போய்விட்டது. போன கையைப் பாதியிலேயே மடக்கி மார்போடு வைத்துக்கொண்டாள். அந்த நீர் வழிந்து கன்னத்தில் இறங்கி, தாடை வரைக்கும் போய், தானாகவே உதிரும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள்.